1100 சதுர அடி வீட்டுக்கு 26 டவுன்லைட், எல்லாம் 6500 கெல்வின்: இந்தப் பட்டியல் சரியா?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் கட்டிவரும் வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது, அடுத்து ஃபால்ஸ் சீலிங். கான்கிரீட் தளம் 10 அடி உயரம், ஜிப்சம் சீலிங் 9 அடியில் வரும். மேலே மாடி இல்லை, நேராக மொட்டை மாடிதான்.

ஹால் 12×18 அடி, பெட்ரூம் இரண்டும் 10×12, சமையலறை 8×10. இது போக 4×4 பூஜையறை, இரண்டு பாத்ரூம், முன்னால் போர்டிகோ. எலெக்ட்ரீஷியன் கொடுத்த பட்டியலில் சீலிங்கில் பதிக்கும் 12 வாட் வட்ட டவுன்லைட் ஹாலுக்கு 10, பெட்ரூமுக்கு 6 வீதம் 12, சமையலறைக்கு 4 என மொத்தம் 26. ஹாலைச் சுற்றிக் கோவ் லைட்டுக்கு (சீலிங் ஓரத் தட்டில் மறைந்திருந்து மேலே அடிக்கும் ஒளி) 12 வோல்ட் எல்.இ.டி ஸ்ட்ரிப். எல்லாமே 6500 கெல்வின்.

என் சந்தேகங்கள்: இந்த எண்ணிக்கை தேவையா? வெளிச்சத்தின் நிறம் சரியா? ஒரே 12 வாட் விளக்குக்குக் கடைக்குக் கடை மூன்று மடங்கு வரை விலை மாறுகிறதே, உள்ளே என்னதான் வித்தியாசம்? பழைய 4 அடி ட்யூப் லைட் பட்டிகள் சோக்கோடு ஆறு இருக்கின்றன. அவற்றில் எல்.இ.டி ட்யூபை மாட்டிப் பயன்படுத்தலாமா?

தெற்குவாசல்:

எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி லூமன். அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழுவது லக்ஸ். வெள்ளைச் சுவர் வீட்டில், கொடுக்கும் லூமனில் ஏறக்குறைய பாதி மேசை உயரத்துக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். சுவர் விழுங்குவது, தூசி, நாள்பட மங்குவது எல்லாம் அந்த மற்றப் பாதியில் அடங்கிவிடும்.

12 வாட் டவுன்லைட் சுமார் 1080 லூமன் தரும். உங்கள் பெட்ரூம் 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர் சொச்சம். ஆறு விளக்கு 6480 லூமன், அதில் பாதி 3240, அதை 11-ஆல் வகுத்தால் 290 லக்ஸ். படுக்கையறையின் பொது வெளிச்சத்துக்கு 80 முதல் 100 லக்ஸ் போதும். 300 லக்ஸ் என்பது படிக்கும் மேசைக்கு வேண்டிய அளவு, அதுவும் மேசைமேல் மட்டும். ஹாலுக்கும் இதே கணக்கு: 20 சதுர மீட்டருக்கு 10 விளக்கு 270 லக்ஸ் தரும். 150 லக்ஸ் போதும், அதற்கு 6 விளக்கே நிறைவு.

சமையலறையில் சிக்கல் வேறு. நான்கு விளக்கும் சேர்ந்து 290 லக்ஸ் தரும், தாளில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் விளக்குகள் நடுவில், மேடை சுவரோரம். மேடையைப் பார்த்து நிற்பவரின் தலையும் தோளும் வெட்டும் பலகைமேல் நிழலாக விழும். அறை வெளிச்சமாக இருக்கும், கத்தி இருட்டில் இருக்கும். விளக்கைக் கூட்டுவதால் இது தீராது. மேல் கப்போர்டின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, மீட்டருக்கு 8 முதல் 10 வாட் ஸ்ட்ரிப்பை அலுமினியப் பட்டையில் வைத்து, ஒளி மேடைமேல் விழுமாறு சுவர்ப்பக்கம் லேசாகத் திருப்புங்கள். பொது வெளிச்சத்துக்கு 12 வாட்டில் இரண்டு போதும். கப்போர்டு இல்லாத பக்கத்தில் மேடை விளிம்புக்கு நேர்மேலே ஒரு டவுன்லைட் வரட்டும்.

இன்னொன்று, ஃபேன். டவுன்லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே வந்தால், ஃபேன் சுற்றும்போதெல்லாம் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும். கண்ணுக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. 1200 மி.மீ ஃபேனின் இறக்கை நுனி நடுவிலிருந்து 2 அடியில் இருக்கும். டவுன்லைட்டுகளை ஃபேன் நடுவிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளிப் போடுங்கள். 10×12 அறையில் அப்படித் தள்ளினால் சுவரோரம் போய்விடும், போகட்டும். பெட்ரூமில் பொது வெளிச்சத்துக்கு இறக்கை மட்டத்துக்குக் கீழே, சுவரில் 7 அடி உயரத்தில் 20 வாட், 2000 லூமன் பேட்டன் (ட்யூப் லைட் போன்ற நீள எல்.இ.டி விளக்கு) ஒன்று போட்டால் 90 லக்ஸ் வந்துவிடும், நிழல் வெட்டும் இருக்காது. அதோடு தனி ஸ்விட்சில் 5 வாட் டவுன்லைட் நான்கு. அதில் இரண்டு பீரோவுக்கு முன்னால் 2 அடி தள்ளி வரவேண்டும், பீரோவுக்கு நேர்மேலே வேண்டாம். மேலே வைத்தால் உள்ளே இருக்கும் துணி தெரியாது.

சிறிய சி.ஓ.பி டவுன்லைட் (நடுவில் ஒரே திரளாகச் சிப் உள்ள வகை) வாங்கும்போது பீம் கோணம், அதாவது ஒளி விரியும் கோணம் கேளுங்கள். 9 அடி சீலிங்கிலிருந்து இரண்டரை அடி மேசைக்கு 2 மீட்டர் தூரம். 24 டிகிரி என்றால் அங்கே 85 செ.மீ அகல வட்டம் விழும், 36 டிகிரிக்கு 1.3 மீட்டர், 60 டிகிரிக்கு 2.3 மீட்டர். சாமி படத்துக்கும் சுவர் ஓவியத்துக்கும் 24 பொருந்தும், நடமாடும் இடத்துக்கு 60. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கண்ணில் அடிக்காதபடி, சிப் உள்வாங்கிய வகையாக எடுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். கெல்வின் எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 6500 கெல்வின் நமக்கு ட்யூப் லைட் காலத்திலிருந்து தொடரும் பழக்கம். இரவில் அதன் நீலம் தூக்கத்தைத் தள்ளிப்போடும், குறைந்த வெளிச்சத்தில் அறை சாம்பல் பூத்துத் தெரியும். என் தேர்வு: பெட்ரூம், பூஜையறை, கோவ் எல்லாம் 3000, சமையலறை, பாத்ரூம் கண்ணாடி, படிப்பு மேசை 4000, ஹால் டவுன்லைட் 4000. 6500 இந்த வீட்டில் எங்குமே வேண்டாம். ஒரே பார்வையில் ஒரே வேலைக்கான விளக்குகள் இரண்டு நிறத்தில் இருக்கக்கூடாது. ஹால் டவுன்லைட் வரிசையில் நான்கு 4000, இரண்டு 6500 என்று கலந்தால் பழுதுபோலத் தெரியும்.

கெல்வினைவிட நம் ஊரில் யாரும் கேட்காதது சி.ஆர்.ஐ, அதாவது பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். வெள்ளை எல்.இ.டி என்பது உண்மையில் நீலச் சிப்பின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. இந்தக் கலவையில் சிவப்பு குறைவு. சி.ஆர்.ஐ 80 என்று போட்டிருப்பது 8 வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது. 80 மதிப்புள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். அதனால்தான் அரக்குப் பட்டுப்புடவை பழுப்பாகவும், தக்காளி வெளிறியும், முகம் நோயாளி முகமாகவும் தெரிகிறது. கண்ணாடி முன்னால், பீரோ முன்னால், சமையல் மேடையில், பூஜையறையில் மட்டுமாவது சி.ஆர்.ஐ 90, ஆர்9 50-க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். மற்ற இடங்களுக்கு 80 போதும்.

போர்டிகோவுக்கு ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாத வகை), 3000 கெல்வின் அல்லது அதற்கும் கீழே. மழைக்காலத்தில் ஈசல் மொய்ப்பது நீலம் அதிகமுள்ள வெளிச்சத்தில் அதிகம், மஞ்சள் வெளிச்சத்தில் குறைவு.

சால்டரிங்:

விலை வித்தியாசம் பற்றி. எல்.இ.டி விளக்கில் மூன்று பாகம்: சிப், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியம், வீட்டு மின்சாரத்தைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர். சிப் பெரும்பாலும் கடைசியில்தான் சாகும். முதலில் போவது டிரைவர், அதைக் கொல்வது சூடு. விலை குறையும்போது வெட்டப்படுவதும் அலுமினியமும் டிரைவரும்தான்.

12 வாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. மீதி 8 வாட் வெப்பம் பின்பக்கமாக வெளியேறியாக வேண்டும். நல்ல டவுன்லைட்டின் முதுகு வார்ப்பு அலுமினியமாக இருக்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும். மலிவானதில் தகரத் தட்டு, அல்லது அலுமினியப் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக். உங்கள் வீட்டில் சீலிங்குக்கு மேல் மொட்டை மாடித் தளம் என்பதால் மே மாதச் சூடு அந்தப் பொந்துக்குள்ளேயே தங்கும். டிரைவருக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். தினம் 6 மணி நேரம் என்றால் 11 ஆண்டு வரவேண்டும். அது சிப் 70 சதவீத ஒளிக்கு மங்கும் வரையிலான கணக்கு, டிரைவருக்குத் தரும் உத்தரவாதம் அல்ல.

டிரைவரில் இரண்டு வகை. தனிப்பெட்டியாக ஒயரில் தொங்கும் டிரைவர் ஒன்று. சிப் இருக்கும் அதே தட்டில் ஒரு சிறிய ஐ.சி.யோடு முடித்துவிடும் டி.ஓ.பி வகை மற்றொன்று. டி.ஓ.பி.யில் காயிலும் இருக்காது, பெரிய கெபாசிட்டரும் இருக்காது. அதனால் மலிவு, அதனால் வினாடிக்கு 100 தடவை வெளிச்சம் ஏறி இறங்கும், மின்னழுத்தம் ஏறினால் சூடும் ஏறும். ஒரு சிப் போனாலும் தொடர் அறுந்து மொத்த விளக்கும் அணைந்துவிடும். அந்தச் சிப்பில் கரும்புள்ளி தெரியும். சில கடைகளில் கரும்புள்ளியை ஷார்ட் செய்து எரியவைத்துத் தருகிறார்கள். விடுபட்ட சிப் தாங்கிய வோல்ட்டேஜ் முழுவதும் ஐ.சி.யின் தலையில் விழும், சீக்கிரமே அதுவும் போகும். அந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஃப்ளிக்கர். அதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு பேனாவை விளக்குக்கு அடியில் விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். பேனா தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். செல்போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தால் அதில் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை: வாட் மட்டும் போட்டு லூமன் போடாத பெட்டியைத் தொடவேண்டாம். வாட்டுக்கு 90 லூமனுக்குக் குறையக்கூடாது, 100-க்கு மேல் நல்லது. பவர் ஃபேக்டர் 0.9. சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்கும் அளவு) 2.5 கிலோவோல்ட், முடிந்தால் 4. உள்ளீடு 140 முதல் 270 வோல்ட் வரையாவது தாங்க வேண்டும். பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்குக் கீழே 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பல்பு என்றால் ஐ.எஸ் 16102, டவுன்லைட், பேட்டன் போன்ற முழு விளக்குகளுக்கு ஐ.எஸ் 10322. அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அடித்தால் எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்காகக் கொடுத்த எண் என்று வந்துவிடும். பெட்டியில் உள்ள பெயரோடு அது பொருந்தாவிட்டால் போலி.

தனி டிரைவர் வகை வாங்குவதில் இன்னொரு லாபம், போனால் டிரைவரை மட்டும் மாற்றலாம். அதன்மேல் "அவுட்புட் 300 மில்லி ஆம்பியர், 24–42 வோல்ட் டி.சி" என்பதுபோல் எழுதியிருக்கும். புதியதில் மில்லி ஆம்பியர் அதே எண்ணாக இருக்க வேண்டும், வோல்ட் வரம்பு பழையதை உள்ளடக்க வேண்டும். வாட் ஒன்றாக இருக்கிறது என்று 450 மில்லி ஆம்பியர் டிரைவரை மாட்டினால் ஒளி கூடும், சில மாதத்தில் சிப் கருகும். மாற்றும்போது எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். மலிவு டிரைவர்களில் வெளிவரும் டி.சி பக்கமும் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது, தொட்டால் ஷாக்தான்.

அறிகுறியை வைத்தே பழுதைச் சொல்லலாம். வினாடிக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் உள்ளே சிப் தொடரில் ஒன்று சூட்டில் விடுகிறது, அல்லது டிரைவர் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. வெளிச்சம் ஊதா கலந்து மாறினால் பாஸ்பர் கெட்டுவிட்டது, அதற்கு மருந்து இல்லை. மெல்லிய பேனல் லைட் மஞ்சளாகிப் போனால் ஓரத்தில் சிப் வைத்து நடுவில் ஒளியைப் பரப்பும் பிளாஸ்டிக் தகடு பழுத்துவிட்டது. இதனால்தான் தடிமன் கொஞ்சம் கூடினாலும் பின்பக்கம் சிப் பரப்பிய பேக்லிட் வகையை எடுக்கச் சொல்வது.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலை ஹால் 6, சமையலறை 2 + மேடை ஸ்ட்ரிப், பெட்ரூமுக்கு ஒரு பேட்டன் + 5 வாட் நான்கு என்று மாற்றிவிட்டேன்.

பழைய ட்யூப் பட்டி பற்றி யாராவது சொல்லுங்கள். கூடவே ஒன்று: இப்போது இருக்கும் வீட்டில் ஸ்விட்சை அணைத்தபிறகும் ஒரு எல்.இ.டி பல்பு மினுக் மினுக்கென்று மங்கலாக எரிகிறது. பல்பை மாற்றியும் போகவில்லை. புது வீட்டில் இது வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஒயர்மேன்:

பட்டி விஷயம். எல்.இ.டி ட்யூபில் ஒயரிங் இரண்டு விதம். ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் வருவது ஒன்று. ஒரு முனையில் ஃபேஸ், மறுமுனையில் நியூட்ரல் வருவது மற்றொன்று. இரண்டிலும் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு. முதல் வகைக்கு ஒயரிங் செய்த பட்டியில், முனை ஊசிகள் உள்ளுக்குள் இணைந்திருக்கும் இரண்டாம் வகை ட்யூபைப் பிறகு யாராவது மாட்டினால் நேரடி ஷார்ட். இரண்டாம் வகையில் ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனை ஊசியைத் தொட்டால் ஷாக் அடிக்கும் வாய்ப்பு உண்டு. சோக்கை விட்டுவிட்டு ஸ்டார்ட்டருக்குப் பதில் எல்.இ.டி ஸ்டார்ட்டர் மாட்டும் ட்யூபும் உண்டு, அது இரும்புச் சோக்குக்கு மட்டும்தான். எலெக்ட்ரானிக் சோக் என்றால் ஒத்துவராது.

ஆறு பட்டிக்கும் ஹோல்டர் இளகியிருக்கும், ஒயர் காய்ந்திருக்கும். புதிய 20 வாட் பேட்டன் வாங்குங்கள், பழையதை எடைக்குப் போடுங்கள். எப்படியும் மாற்றித்தான் ஆவேன் என்றால் ஒரே முனை வகையாக எடுத்து, பட்டியின்மேல் "சோக் இல்லை, இந்த முனையில் 230 வோல்ட்" என்று அழியாத மையில் எழுதுங்கள்.

அணைத்தபின் எரியும் பல்பு. மூன்று காரணம்தான். ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாக ஒழுகும் சிறு கரண்ட் டிரைவர் கெபாசிட்டரை நிரப்பி நிரப்பி மினுக்க வைக்கும். இரண்டாவது, ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்சில் விட்டிருப்பார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வையுங்கள், பளிச்சென்று எரிந்தால் இதுதான். இது வெறும் மினுக்கல் அல்ல, பல்பு மாற்றும்போது ஆபத்து. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது, மாடிப்படி டூவே (ஒரே விளக்குக்கு மேலும் கீழும் ஸ்விட்ச்) போல நீளமாக ஒட்டி ஓடும் ஒயர்களுக்கு இடையில் தூண்டப்படும் வோல்ட்டேஜ். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மருந்து ஒன்றே: பல்பு ஹோல்டரின் இரு முனைக்கும் இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி, எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர். சாதாரண ஃபேன் கெபாசிட்டரை அங்கே போடக்கூடாது.

புது வீட்டில் எல்லாப் பாயிண்டிலும் ஃபேஸ் மட்டுமே ஸ்விட்சில் போக வேண்டும். லைட் ஸ்விட்ச்களில் இண்டிகேட்டர் வேண்டாம். விளக்கு வரிசைக்கு 'சி' வகை எம்.சி.பி போடுங்கள், பல டிரைவர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும் தொடக்கக் கரண்டில் 'பி' வகை சில நேரம் காரணமின்றி விழும். பழைய டிம்மரைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். அது குண்டு பல்புக்குச் செய்தது, குறைந்தபட்ச வாட் இல்லாமல் எல்.இ.டி துடிக்கும். டிம் வேண்டுமென்றால் விளக்கிலும் 'டிம்மபிள்' என்று இருக்க வேண்டும், டிம்மரும் எல்.இ.டி.க்கானதாக இருக்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் சப்ளை என்றால் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் வோல்ட்டேஜ் 400-ஐ நெருங்கும். வீட்டில் எல்.இ.டி எல்லாம் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் பெரும்பாலும் இதுதான், விளக்கின் தரம் இல்லை. எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி பெட்டியில் ஓவர் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் ஒன்றும், இடிக்கு டைப் 2 எஸ்.பி.டி (மின்னழுத்தப் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கருவி) ஒன்றும் வையுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்.பி.டி வெறும் டப்பா, அதனால் எர்த் குழியை முதலில் அளந்து பாருங்கள்.

தெற்குவாசல்:

கோவ் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். 12 வோல்ட்டை 24 ஆக்குங்கள். காரணம் எளிது: மீட்டருக்கு 9.6 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 48 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், 24-இல் 2 ஆம்பியர். டிரைவரிலிருந்து 3 மீட்டர் தூரம் 0.75 சதுர மி.மீ ஒயரில் போனால் 12 வோல்ட்டில் 0.6 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், அது 5 சதவீதம். 24-இல் 0.3 வோல்ட், அதாவது ஒன்றேகால் சதவீதம்தான். ஸ்ட்ரிப்பின் செம்பிலும் இதே இழப்பு நடப்பதால்தான் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் வால்பக்கம் மங்குகிறது.

உங்கள் ஹாலில் சுவரிலிருந்து ஓரடி உள்ளே தள்ளிச் சுற்றினால் 16 மீட்டர் வரும். கோவுக்கு மீட்டருக்கு 4.8 வாட் போதும், மொத்தம் 77 வாட். டிரைவரை முழுச் சுமையில் ஓட்டக்கூடாது, 100 வாட் 24 வோல்ட் எடுங்கள். நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டிரைவரிலிருந்து தனி ஒயர். ஒன்றன் வாலில் இன்னொன்றைக் கோக்க வேண்டாம். கோவ் தட்டுக்கும் மேல் சீலிங்குக்கும் இடையில் குறைந்தது 6 அங்குலம் விடச் சொல்லுங்கள். 3 அங்குலம் விட்டால் சீலிங்கில் ஓரமாக ஒரு பளீர்க் கோடு மட்டும் விழும், ஒளி நடுவுக்குப் பரவாது. ஸ்ட்ரிப் தட்டின் உதட்டுக்குப் பின்னால் மறைய வேண்டும், நேராக ஜிப்சத்தில் ஒட்டாமல் அலுமினியப் பட்டையில் ஒட்ட வேண்டும். ஜிப்சம் தூசியில் பசை பிடிக்காது, கொஞ்ச நாளில் தொங்கும்.

100 வாட் டிரைவரை மூடிய சீலிங்குக்குள் புதைத்துவிடாமல், டி.வி யூனிட்டுக்கு மேலோ லாஃப்ட்டிலோ கை எட்டும் இடத்தில், காற்றோட்டத்தோடு வைக்கச் சொல்லுங்கள். டவுன்லைட் ஓட்டைகளை விளக்கு கைக்கு வந்தபிறகே வெட்டட்டும், ஒவ்வொரு கம்பெனிக்கும் கட்-அவுட் அளவு வேறு. அதே மாடலில் இரண்டு விளக்கும் இரண்டு டிரைவரும் கூடுதலாக வாங்கி வையுங்கள். சில வருடம் கழித்து அந்த அளவும் அந்த வெள்ளையும் கடையில் கிடைக்காது.